ஆசனவாய்ப் பாப் பரிசோதனை: ஸ்வாப் எடுப்பது முதல் முடிவு எழுதுவது வரை

புற்றுநோயையும் அதற்கு முந்தைய செல் மாற்றங்களையும் தேடக் கருப்பைவாய்க்கு எடுக்கும் பாப் ஸ்மியரைப் பற்றிக் கேள்விப்படாத செவிலியரோ ஆய்வக நுட்பநரோ இன்று அநேகமாக இருக்க மாட்டார்கள். அதே அடிப்படையில் ஆசனவாயிலிருந்தும் செல்களை எடுத்து, அதே சாயங்களில் தோய்த்து, ஏறத்தாழ அதே வகைப்பாட்டில் முடிவு எழுதலாம் என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும். இரண்டு இடங்களுக்கும் உறவு நெருக்கமானது. இரண்டிலும் தட்டையான செதிள் செல்களின் படலமும் உயரமான தூண் செல்களின் படலமும் சந்திக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைச் சுற்றியுள்ள உருமாற்ற மண்டலத்தில்தான் எச்பிவி எனப்படும் மனிதப் பாப்பிலோமா வைரஸ் எளிதில் குடியேறுகிறது. ஆசனவாய்ப் புற்றுநோய்களில் பத்தில் ஒன்பதுக்கு அந்த வைரஸே காரணம். அதிலும் பெரும்பங்கு 16ஆம் வகையினுடையது.

ஆனால் ஒரு வேறுபாடு வேலையின் தன்மையையே மாற்றிவிடுகிறது. கருப்பைவாயை ஸ்பெகுலம் என்னும் விரிக்கும் கருவியை வைத்துக் கண்ணால் பார்த்துக்கொண்டே சுரண்டுகிறோம். ஆசனவாயிலோ எதையும் பார்க்காமல், கையின் பழக்கத்தை மட்டும் நம்பி எடுக்கிறோம். நுண்ணோக்கியில் எவ்வளவு தேர்ந்த கண் அமர்ந்திருந்தாலும், ஸ்வாப், அதாவது மாதிரி எடுக்கும் குச்சி, கொண்டுவராத செல்லை அந்தக் கண்ணால் காண முடியாது. இந்தக் கட்டுரையில் மாதிரி எடுக்கும் பகுதிக்கு அதிக இடம் கொடுத்திருப்பது அதனால்தான்.

யாருக்கு, எப்போது

ஆசனவாய்ப் புற்றுநோய் பொது மக்களிடையே அரிதானது. எனவே எல்லோருக்கும் இந்தப் பரிசோதனையைச் செய்வதில்லை. பன்னாட்டு ஆசனவாய்த் திசுமாற்றச் சங்கம் 2024இல் வெளியிட்ட பரிந்துரையில், பொது மக்களைவிடப் பல மடங்கு ஆபத்து உள்ள குழுக்கள் தனியே குறிக்கப்பட்டுள்ளன. எச்ஐவியுடன் வாழும், ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களுக்கும் திருநங்கையருக்கும் 35 வயதிலிருந்தும், எச்ஐவியுடன் வாழும் மற்ற ஆண், பெண் இருபாலருக்கும் 45 வயதிலிருந்தும், எச்ஐவி இல்லாத, ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களுக்கும் திருநங்கையருக்கும் 45 வயதிலிருந்தும் பரிசோதனையைத் தொடங்கலாம் என்கிறது அது. பெண்ணுறுப்பின் வெளிப்பகுதியில் உயர்நிலைச் செதிள் மாற்றமோ (புற்றுநோய்க்கு முந்தைய நிலை) புற்றுநோயோ கண்டறியப்பட்டவர்களுக்கு அந்த நோயறிதலிலிருந்து ஓராண்டுக்குள்ளும், சிறுநீரகம் போன்ற உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர்களுக்குப் பத்தாண்டு கழிந்த பிறகும் தொடங்கச் சொல்கிறது.

இந்தப் பரிந்துரைகளுக்கு வலு சேர்த்தது அமெரிக்காவில் நடந்த ஆங்கர் ஆய்வு. 2014 முதல் 2021 வரை 25 மையங்களில் 35 வயதைக் கடந்த, எச்ஐவியுடன் வாழும் 10,723 பேரைப் பரிசோதித்ததில் 52.2 விழுக்காட்டினருக்கு ஆசனவாயில் உயர்நிலைச் செதிள் மாற்றம் இருந்தது. அவர்களில் 4,459 பேரைச் சிகிச்சைக் குழு என்றும் கண்காணிப்புக் குழு என்றும் பிரித்துத் தொடர்ந்தபோது, சிகிச்சை பெற்றவர்களில் 9 பேருக்கும், கண்காணிப்பில் மட்டும் இருந்தவர்களில் 21 பேருக்கும் புற்றுநோய் வந்தது. அதாவது சிகிச்சை அந்த ஆபத்தை 57 விழுக்காடு குறைத்தது. 2022இல் முடிவு அச்சேறும் வரை, கருப்பைவாயில் பலன் தந்தது ஆசனவாயிலும் பலன் தரும் என்பது நியாயமான ஊகமாக மட்டுமே இருந்தது.

மாதிரி எடுக்கத் தொடங்குமுன் ஒரு கேள்விக்கு விடை இருக்க வேண்டும். முடிவு இயல்புக்கு மாறாக வந்தால் அந்த நபரை எங்கே அனுப்புவது? அடுத்த படியான உயர் உருப்பெருக்க ஆசனவாய் நோக்கல், அதாவது கால்போஸ்கோப் என்னும் உருப்பெருக்கிக் கருவியை வைத்துக்கொண்டு ஆசனவாயின் உட்படலத்தைப் பார்த்துத் திசு எடுக்கும் முறை, கைக்கெட்டும் தொலைவில் இல்லையென்றால் செல் பரிசோதனை வெறும் கவலையை மட்டுமே உண்டாக்கும். அப்படிப்பட்ட இடங்களில் அறிகுறிகளைக் கேட்பதும், ஆண்டுதோறும் விரல் பரிசோதனை செய்து கட்டியோ புண்ணோ தடித்த இடமோ உள்ளதா என்று தடவிப் பார்ப்பதுமே உகந்தது. புதிய கருவி வந்திறங்கிய உற்சாகத்தில் இந்தக் கேள்வியைத் தாண்டிச் செல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வேண்டாத வேலை.

முன்கூட்டிச் சொல்ல வேண்டியவை

பரிசோதனைக்கு முந்தைய 24 மணி நேரத்தில் எனிமா எடுப்பது, உள்ளே நீர் பாய்ச்சிக் கழுவுவது, ஆசனவாய் வழி உறவு, மருந்துக் குளிகையோ களிம்போ உள்ளே வைப்பது ஆகியவற்றைத் தவிர்க்கும்படி சொல்ல வேண்டும். கழுவுவது சுத்தம்தானே, அதைச் செய்துவிட்டு வந்தால் நல்லதுதானே என்று பலரும் நினைக்கிறார்கள். படலத்தின் மேலடுக்கில் தளர்ந்து நிற்கும் செல்களைத்தான் நாம் தேடுகிறோம், கழுவினால் முதலில் போவது அவைதான் என்று விளக்கிச் சொன்னால் எவரும் புரிந்துகொள்வார்கள். மலம் கழித்துவிட்டு வழக்கம்போல் வெளியே சுத்தம் செய்துகொண்டு வருவதில் தவறில்லை. அதற்காகப் பட்டினி கிடக்கவோ பேதி மருந்து எடுக்கவோ தேவையில்லை.

கடும் வலியுள்ள வெடிப்பு, இரத்தம் உறைந்து வீங்கிய மூலம் போன்றவை இருக்கும் நாளில் எடுப்பதைத் தள்ளிவைப்பது நல்லது. வலியால் தசை இறுகிவிட்டால் ஸ்வாப் சுவரில் படியாது. இரத்தம் கலந்தால் செல்கள் மறைந்துவிடும்.

பேச்சின் முறையும் இங்கே ஒரு கருவிதான். எதற்காக இந்தப் பரிசோதனை, எவ்வளவு நேரம் ஆகும், என்ன உணர்வு இருக்கும் என்பதை ஆடையைக் களையுமுன் உட்கார்ந்த நிலையிலேயே சொல்லிவிட வேண்டும். உடன் ஒருவர் இருக்க வேண்டுமா என்று கேட்க வேண்டும். எப்போது நிறுத்தச் சொன்னாலும் நிறுத்துவோம் என்று சொல்வதோடு, சொன்னபடி நிறுத்தவும் வேண்டும். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் தாங்களே ஸ்வாபைச் செலுத்தி எடுத்துத் தர விரும்பக்கூடும். சரியாகச் சொல்லிக்கொடுத்தால் அப்படி எடுக்கும் மாதிரியும் பயன்படும், ஆனால் பயிற்சி பெற்றவர் எடுப்பதைவிடச் செல்கள் குறைவாக வர வாய்ப்புண்டு.

கருவிகள்

பாலியஸ்டர் முனையுள்ள ஸ்வாப்தான் இந்த வேலைக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. நைலான் இழைகள் தூரிகை போல் நிற்கும் வகையும் இப்போது பயன்படுகிறது. பஞ்சு முனையும் மரக்குச்சியும் கொண்டதை எடுக்காதீர்கள். பஞ்சு செல்களைத் தன்னுள் பிடித்துக்கொண்டு திரவத்தில் விடாது, மரக்குச்சியோ சிலாம்பு தெறிக்கும், வளையாது. சில பிளாஸ்டிக் குச்சிகளில் எளிதாக ஒடிப்பதற்கென்றே நடுவில் ஒரு கீறல் இருக்கும். கிருமிப் பரிசோதனைக்கு வரும் பொட்டலங்களில் அது வசதிதான். ஆனால் இங்கே குச்சியைச் சுவரில் அழுத்தி வளைக்க வேண்டியிருப்பதால் அது உள்ளேயே ஒடியும் அபாயம் உண்டு. பொட்டலத்தைப் பிரித்ததும் குச்சியை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈரப்படுத்தக் குழாய்த் தண்ணீர் போதும். வழவழப்பு ஜெல்லை மட்டும் ஸ்வாபிலோ ஆசனவாயிலோ தடவவே கூடாது. அது செல்களைப் பூசி மறைப்பதோடு, கார்போமர் என்னும் கெட்டியாக்கும் பொருள் கலந்த ஜெல், செல்களைத் திரவத்தில் சேகரித்து ஸ்லைடு தயாரிக்கும் திரவ முறைக் கருவியின் வடிகட்டிச் சவ்வையும் அடைத்துவிடும். இந்த ஒரே காரணத்தால்தான் வரிசை முக்கியமாகிறது: முதலில் செல் மாதிரி, அதற்குப் பிறகே ஜெல் தடவிய விரலால் பரிசோதனை, இறுதியாகத் தேவையானால் கருவியால் நோக்குதல். விரல் பரிசோதனையை முதலில் முடித்துவிட்டுப் பிறகு ஸ்வாப் எடுப்பது புதியவர்கள் செய்யும் தவறுகளில் மிகச் சாதாரணமானது.

எடுக்கும் முறை

இடப்பக்கமாக ஒருக்களித்து, முழங்கால்களை மார்புப் பக்கம் மடக்கிப் படுப்பது பெரும்பாலோருக்கு வசதி. மேசையின் மீது குனிந்து நிற்பதும், பெண்களுக்கு மகளிர் பரிசோதனை நிலையில் படுப்பதும் ஏற்கத்தக்கவையே. ஒரு கையால் பிட்டத்தை மெல்ல விலக்கி, ஆசனவாயின் வெளி விளிம்பு தெரியும்படி செய்யுங்கள். வெளித்தோலில் மருவோ புண்ணோ வெண்திட்டோ இருந்தால் இப்போதே கவனித்து, பிறகு ஆய்வக விண்ணப்பத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஈரமான ஸ்வாபை விளிம்பில் வைத்ததும் தசை இயல்பாகவே இறுகும். ஒரு கணம் பொறுத்து, மூச்சை வெளியே விடச் சொல்லி, இறுக்கம் தளரும்போது உள்ளே செலுத்துங்கள். ஆசனவாய்க் குழாயின் நீளம் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர். நாம் தேடும் எல்லை அதற்குள் இருந்தாலும், அது மலக்குடல் பக்கம் ஏறியும் இருக்கக்கூடும் என்பதால் ஸ்வாப் 5 முதல் 7.5 சென்டிமீட்டர் வரை செல்ல வேண்டும். பாதியிலேயே தடை தெரிந்தால் தள்ளாதீர்கள். சற்றே பின்வாங்கிக் கோணத்தை மாற்றினால் பெரும்பாலும் வழி கிடைத்துவிடும். முனை மலக்குடலின் சுவரைத் தொடுவது கைக்குத் தெரியும்.

இனி வருவதுதான் மாதிரியின் தரத்தைத் தீர்மானிக்கும் கட்டம். ஸ்வாபின் வெளிநுனியைப் பிடித்து, குச்சி வில்போல் லேசாக வளையும் அளவுக்குப் பக்கச் சுவரில் அழுத்தம் கொடுத்து, அந்த அழுத்தத்தை விடாமலேயே சுற்றிச் சுற்றி, திருகாணியைக் கழற்றுவது போல மெல்ல வெளியே இழுங்கள். குச்சி விரல்களுக்குள் உருளுவது மட்டும் போதாது. அதன் முனை குழாயின் சுற்றுச்சுவர் முழுவதையும் வட்டமிட்டு வர வேண்டும். வெளியே வர குறைந்தது 15 நொடி, முடிந்தால் 30 நொடி எடுத்துக்கொள்ளுங்கள். வாய்க்குள் எண்ணிக்கொண்டே செய்வது நல்ல பழக்கம், ஏனென்றால் இந்த வேலையில் எடுப்பவருக்கும் கொடுப்பவருக்கும் ஒரே அவசரம் இருக்கும், எண்ணிக்கை இல்லாவிட்டால் 15 நொடி 5 நொடியாகிவிடும். வெளி விளிம்பை அடையும் வரை அழுத்தத்தைத் தளர்த்தக் கூடாது. ஆனால் விளிம்பைத் தாண்டியபின் வெளித்தோலில் தேய்ப்பதால் பயனில்லை. அங்கிருந்து வருபவை உட்கருவை இழந்த கொம்புச் செதில்கள். அவை குப்பியை நிரப்புமே தவிர எதையும் சொல்லாது.

ஸ்வாபில் மலம் ஒட்டியிருப்பதைக் கண்டு அதைத் துடைத்துவிட்டுக் குப்பியில் போடுபவர்கள் உண்டு. அப்படித் துடைத்தால் செல்களும் சேர்ந்து போய்விடும். சிறிதளவு மலம் இருப்பது இயல்பே, அதை அப்படியே போடுங்கள்.

திரவ முறையில், மெத்தனாலையோ எத்தனாலையோ அடிப்படையாகக் கொண்ட பாதுகாப்புத் திரவம் உள்ள குப்பியில் ஸ்வாபை உடனே முக்கி, சுவரில் தேய்த்தும் பலமாகச் சுழற்றியும் செல்களைக் கழற்ற வேண்டும். மெதுவாக நனைத்து எடுத்தால் பாதி செல்கள் இழையிலேயே தங்கிவிடும். ஆய்வகம் ஸ்வாபின் முனையைக் குப்பியிலேயே விடச் சொல்லாவிட்டால், நன்றாக அலசியபின் அதை எடுத்துக் கழிவில் போட்டுவிட்டு மூடியை இறுக்குங்கள். மெத்தனால் நஞ்சு, தீப்பற்றவும் கூடியது. குப்பியை நோயாளியிடம் கொடுத்து அனுப்பும் வழக்கம் இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள்.

திரவ முறை இல்லாத இடங்களில் ஸ்வாபை ஸ்லைடின் மேல் ஒரே திசையில் உருட்டிப் பூசி, 95 விழுக்காடு எத்தனாலில் உடனடியாக, அதாவது 15 நொடிக்குள், மூழ்கடிக்க வேண்டும். காற்றில் உலர்ந்த செல்லின் உட்கரு வீங்கி வெளிறித் தோன்றும். அதைப் பார்ப்பவர் இயல்பான செல்லை ஐயத்திற்குரியதாகவும், ஐயத்திற்குரியதை இயல்பாகவும் எடுத்துக்கொள்ள நேரிடும். மின்விசிறி ஓடும் அறையில் இது இன்னும் விரைவாக நடக்கும். திறந்த எத்தனால் ஜாடியை முன்பே பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஸ்வாபைத் தொட வேண்டும்.

முடிந்ததும் விரல் பரிசோதனையைச் செய்து, காகிதத்தில் ஒரு பொட்டு இரத்தம் தெரியலாம் என்றும், அது ஓரிரு நாளில் நிற்காவிட்டால் வர வேண்டும் என்றும் சொல்லியனுப்புங்கள்.

பெயர்ச்சீட்டும் விண்ணப்பமும்

குப்பியின் உடம்பில், மூடியில் அல்ல, பெயரும் இன்னோர் அடையாள எண்ணும் நோயாளி அறையை விட்டுப் போகுமுன் எழுதப்பட வேண்டும். மாதிரி ஆசனவாயிலிருந்து எடுக்கப்பட்டது என்று தெளிவாகக் குறிக்காவிட்டால், ஆய்வகம் அதைக் கருப்பைவாய் மாதிரியாக எண்ணிவிடும் வாய்ப்பு உண்டு. ஆணின் பெயருடன் வந்தால் தவறு எளிதில் பிடிபடும், பெண்ணின் பெயருடன் வந்தால் பிடிபடாது.

விண்ணப்பத்தில் முந்தைய செல் பரிசோதனை, திசுப் பரிசோதனை முடிவுகள், ஆசனவாய் மரு, இடுப்புப் பகுதிக்குக் கதிர்வீச்சு பெற்றிருந்தால் அந்த விவரம், நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகள் ஆகியவை இருந்தால் ஸ்லைடை வாசிப்பவருக்குப் பேருதவி. எச்ஐவி நிலையும் வாசிப்பவருக்குப் பயனுள்ளதுதான். ஆனால் இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், ஒருவரின் ஒப்புதலின்றி அந்த நிலையை வெளியிடுவதைத் தடுக்கிறது. சிகிச்சையில் நேரடியாக ஈடுபடுபவர்களுக்கிடையே தேவையான அளவுக்கு மட்டும், ஒப்புதலைப் பெற்றுப் பகிருங்கள். சிவப்பு மையில் பெரிதாக எழுதி, குப்பியோடு வரவேற்பறை மேசையில் வைத்துவிட்டுப் போவது எந்தச் சூழ்நிலையிலும் ஏற்கத்தக்கதல்ல.

மெத்தனால் திரவத்தில் உள்ள மாதிரியை 15 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 6 வாரம் வரை வைத்திருக்கலாம். கோடைக்காலத்தில் வெயிலில் நிறுத்திய வண்டியின் பெட்டிக்குள் வெப்பம் இந்த வரம்பை எளிதாகத் தாண்டும் என்பதைக் கொண்டுசெல்பவரிடம் சொல்லிவையுங்கள்.

போதுமான மாதிரியா என்று பார்ப்பது

பாப்பானிகோலாவ் சாயமிட்ட ஸ்லைடு மேசைக்கு வந்ததும் முதல் கேள்வி நோய் உள்ளதா என்பதல்ல, பார்க்கப் போதிய செல்கள் உள்ளனவா என்பது. செல் பரிசோதனை முடிவுகளை எழுதப் பன்னாட்டளவில் பயன்படும் பெதஸ்தா வகைப்பாட்டின்படி, உட்கருவுள்ள செதிள் செல்கள் ஏறத்தாழ 2,000 முதல் 3,000 இருந்தால் ஆசனவாய் மாதிரி போதுமானது. இத்தனை செல்களையும் ஒன்றொன்றாக எண்ண வேண்டியதில்லை. 40 மடங்கு பொருள்வில்லையில் குறைந்தது 10 புலங்களை (ஒரே பார்வையில் தெரியும் வட்டங்களை) எண்ணிச் சராசரி எடுத்தால் போதும்.

இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. கண்வில்லையில் பொறித்திருக்கும் புல எண் 20 என்றால், அதை 40ஆல் வகுக்க, 40 மடங்கில் தெரியும் வட்டத்தின் விட்டம் 0.5 மில்லிமீட்டர், பரப்பு 0.196 சதுர மில்லிமீட்டர். தின்பிரெப் என்ற திரவ முறையின் ஸ்லைடில் செல் படிந்துள்ள வட்டத்தின் விட்டம் 20 மில்லிமீட்டர், பரப்பு ஏறத்தாழ 314 சதுர மில்லிமீட்டர். அதில் இப்படி 1,600 புலங்கள் அடங்கும். 2,000 செல்கள் இருக்க வேண்டுமானால் ஒரு புலத்திற்கு 1.25 செல், 3,000 என்றால் ஒன்றே முக்கால் செல்லுக்குச் சற்று மேல். ஷூர்பாத் என்ற மற்றொரு திரவ முறை ஸ்லைடின் வட்டம் 13 மில்லிமீட்டர்தான் என்பதால் அதில் சுமார் 676 புலங்களே அடங்கும். அங்கே ஒரு புலத்திற்கு 3 செல்லாவது இருக்க வேண்டும். தின்பிரெப்பில் 1 முதல் 2, ஷூர்பாத்தில் 3 முதல் 6 என்று பயிற்சிக் குறிப்புகளில் காணும் எண்கள் இந்தக் கணக்கிலிருந்தே வருகின்றன. உங்கள் நுண்ணோக்கியின் புல எண் 22 என்றால் எண்கள் சற்று மாறும். அதைக் கணக்கிட்டு ஒரு சிறு அட்டையில் எழுதி மேசையில் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள்.

உட்கருவற்ற செதில்களை இந்த எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது. ஸ்லைடு முழுக்க ஆரஞ்சு நிறச் செதில்கள் நிறைந்திருந்தால் பார்வைக்குச் செழிப்பாகத் தெரியும், எண்ணிப் பார்த்தால் எதுவும் தேறாது. ஸ்வாப் போதிய ஆழம் போகவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். மலம், இரத்தம், பாக்டீரியா, அழற்சிச் செல்கள் ஆகியவை முக்கால் பங்குக்கு மேல் செல்களை மறைத்திருந்தாலும் மாதிரி போதாதது என்றே எழுத வேண்டும். இரத்தம் மட்டும் மிகுந்திருந்தால், எஞ்சிய திரவத்தை அசெட்டிக் அமிலம் கலந்த கரைசலில் கழுவி இன்னொரு ஸ்லைடு தயாரித்துப் பார்க்க வழியுண்டு.

இந்த விதிகள் அனைத்துக்கும் மேலான ஒரு விதி உண்டு. செல் எண்ணிக்கை எவ்வளவு குறைவாக இருந்தாலும், இயல்புக்கு மாறான ஒரு செல் தெரிந்துவிட்டால் அந்த மாதிரி போதாதது ஆகாது. கண்டதை எழுத வேண்டும்.

மலக்குடலின் தூண் செல்களோ உருமாற்றச் செதிள் செல்களோ தெரிந்தால் உருமாற்ற மண்டலம் எட்டப்பட்டது என்று பொருள். அவை இல்லாததால் மட்டும் மாதிரியைத் தள்ளக் கூடாது. இருந்தது, இல்லை என்பதைக் குறிப்பிட்டால் போதும்.

வாசிப்பது

வகைகள் கருப்பைவாய்க்கு உள்ளவையே. மாற்றம் எதுவும் இல்லை என்பது முதலாவது. அடுத்தது பொருள் உறுதிப்படாத செதிள் செல் மாற்றம், ஆய்வகப் பேச்சில் 'ஆஸ்கஸ்'. உயர்நிலை மாற்றத்தை விலக்க முடியாத நிலை 'ஆஸ்க்-ஹெச்'. பிறகு குறைநிலைச் செதிள் மாற்றமான 'எல்சில்', உயர்நிலைச் செதிள் மாற்றமான 'ஹெச்சில்', கடைசியாகச் செதிள் செல் புற்றுநோய். இந்த 'ஹெச்சிலை'த் தமிழ்க் குறிப்பேட்டில் 'எச்சில்' என்று எழுதி, மறுநாள் தாமே குழம்பியவர்களும் உண்டு. உயர்நிலை என்றே எழுதிவிடுவது நல்லது.

அளவுகோலாகக் கையில் இருக்க வேண்டியது இயல்பான இடைநிலைச் செதிள் செல்லின் உட்கரு. ஐயத்திற்குரிய செல்லின் உட்கரு அதைப்போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு பரப்புடன், வேறு மாற்றம் அதிகமின்றி இருந்தால் ஆஸ்கஸ். மூன்று மடங்குக்கு மேல் பெருத்து, சாயம் அடர்ந்து, விளிம்பு சற்றே ஒழுங்கற்று, செல்லின் உடல் மட்டும் அகன்றே இருந்தால் குறைநிலை. உட்கருவைச் சுற்றிக் கத்தரித்ததுபோல் தெளிவான ஒளிவட்டம் கொண்ட, கொய்லோசைட்டுகள் எனப்படும் எச்பிவி தொற்றிய செல்கள் இதன் அடையாளம். ஆனால் கருப்பைவாயைக் காட்டிலும் இங்கே அவை குறைவாகவே கிடைக்கும், அவற்றின் இடத்தில் சிறிய, அடர்ந்த உட்கருவுள்ள கொம்பேறிய செல்களே கூடுதலாகத் தெரியும். உயர்நிலை மாற்றத்தில் செல் சிறுத்துவிடுகிறது, உட்கருவோ சிறுப்பதில்லை. ஆகவே உட்கருவே செல்லின் பெரும்பகுதியை நிரப்புகிறது, அதன் விளிம்பில் மடிப்புகளும் பள்ளங்களும் விழுகின்றன. கொம்புத்தன்மை ஏறிய, விசித்திர வடிவங்களுள்ள உயர்நிலைச் செல்களும் ஆசனவாயில் அரிதல்ல.

ஏமாற்றுபவற்றைத் தனியே பழக வேண்டும். சிதையத் தொடங்கிய மலக்குடல் தூண் செல் வட்டமாகச் சுருண்டு, அடர்ந்த உட்கருவுடன் உயர்நிலைச் செல்லைப் போலவே நடிக்கும். அருகில் தன் இனத்தாரோடு வரிசையாக நிற்கிறதா, எங்காவது சளி நிறைந்த உடல் தெரிகிறதா என்று பாருங்கள். உணவிலிருந்து வந்த தாவரச் செல்களின் சுவர் தடித்து, இரட்டைக் கோடுபோல் ஒளிரும். உள்ளே கருமையான பொருள் இருந்தால் புதியவருக்கு அது உட்கருவாகத் தோன்றிவிடும். அமீபாக்கள் சிதைந்த செதிள் செல்போல் கிடக்கும். ஹெர்பீஸ் தொற்றில் பல உட்கருக்கள் ஒன்றோடொன்று நெருக்கி, தேய்த்த கண்ணாடி போன்ற நிறத்தில் இருக்கும். அதைப் புற்று மாற்றமாகக் கொள்ளாமல் தொற்று என்றே எழுத வேண்டும். காண்டிடா பூஞ்சையும், கொக்கிப்புழுவல்ல, கீரைப்பூச்சி என்று நாம் சொல்லும் நூல்புழுவின் ஒருபக்கம் தட்டையான முட்டையும் கண்ணில் பட்டால் அவற்றையும் குறிப்பிடுங்கள். தேடாமல் கிடைத்த அந்தத் தகவலே சில வேளைகளில் நோயாளிக்கு உடனடிப் பயன் தரும்.

முடிவைப் பொருள்கொள்வது

இங்கே கருப்பைவாய்ப் பழக்கம் வழி தவறச் செய்யும். ஸ்லைடில் குறைநிலை என்று வந்தால் உள்ளேயும் குறைநிலைதான் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. ஆஸ்கஸ் என்ற மென்மையான சொல்லோடு திரும்பியவருக்குத் திசுப் பரிசோதனையில் உயர்நிலை மாற்றம் கிடைப்பது சாதாரணம். செல் பரிசோதனை, மாற்றம் உள்ளது என்று கைகாட்டுகிறது. அதன் தரத்தைத் திசுதான் சொல்லும். எனவே செல் பரிசோதனையை மட்டும் நம்பிச் செயல்படும் இடங்களில் ஆஸ்கஸ் முதல் மேலே எது வந்தாலும் உயர் உருப்பெருக்க நோக்கலுக்கு அனுப்புவது பொதுவான வழி. அங்கே 5 விழுக்காடு அசெட்டிக் அமிலத்தைத் தடவி வெளுத்த இடங்களைத் தேடி, லூகோல் அயோடினில் நிறமேறாத இடங்களை உறுதிசெய்து, திசு எடுப்பார்கள். திசு அறிக்கையில் இடைப்பட்ட நிலை ஐயம் தந்தால் பி16 என்ற புரதத்தைக் காட்டும் சாயம் தீர்த்துவைக்கும்.

எச்பிவி பரிசோதனையும் சேர்ந்து கிடைக்குமானால் முடிவு கூர்மையாகிறது. அதே குப்பியில் எஞ்சிய திரவத்திலேயே அதைச் செய்யலாம், ஆனால் ஆசனவாய் மாதிரிக்கு அந்தப் பரிசோதனையை ஆய்வகம் தானே சரிபார்த்திருக்க வேண்டும். ஆஸ்கஸ் வந்து, உயர் ஆபத்து எச்பிவி இல்லையென்றால் ஓராண்டு காத்திருந்து மறுபடி எடுக்கலாம். 16ஆம் வகை இருந்தால், செல்கள் இயல்பாக இருந்தாலும் நோக்கலுக்கு அனுப்புவதே சரி. ஆஸ்க்-ஹெச், ஹெச்சில் இரண்டும் வந்தவர்களை வரிசையின் முன்னால் நிறுத்துங்கள். மாற்றம் எதுவுமில்லை என்று வந்தவர்களுக்கு, செல் பரிசோதனை மட்டும் செய்யும் இடங்களில், ஓராண்டில் மறுபடி.

போதாத மாதிரி என்ற முடிவை இயல்பானது என்று வாசித்துக் கோப்பை மூடிவிடுவதுதான் நான் அதிகம் அஞ்சும் தவறு. அந்த அறிக்கை நோயாளியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நம் கையைப் பற்றித்தான் சொல்கிறது. அவரை மறுபடி அழைக்க வேண்டும், ஏன் அழைக்கிறோம் என்று மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆய்வகமும் மாதந்தோறும் யார் எடுத்த மாதிரிகளில் எத்தனை போதாதவை, எத்தனை வெறும் செதில்கள், எத்தனையில் தூண் செல்கள் கிடைத்தன என்று ஒரு பட்டியல் போட்டு எடுத்தவர்களுக்கு அனுப்பிவைக்கலாம். செதில்களே மிகுதியாக வருபவரிடம் எவ்வளவு ஆழம் செலுத்துகிறீர்கள் என்றும், செல்கள் குறைவாக வருபவரிடம் எத்தனை வரை எண்ணுகிறீர்கள் என்றும் கேட்டால், அடுத்த மாதப் பட்டியலிலேயே மாற்றம் தெரியும்.